லேபிளில் விஜி 70, தராசில் 50: மூன்று வேப் லிக்விட் பாட்டில்கள்

ஒரே கம்பெனி, ஒரே எலுமிச்சைப் புதினாச் சுவை, நிக்கோட்டினும் ஒரே அளவு. பாட்டில்கள் மட்டும் மூன்று. ஒன்றில் 50/50 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 70/30, மூன்றாவதில் ‘மேக்ஸ் விஜி’. முன்னால் வரும் எண் வெஜிடபிள் கிளிசரினின் பங்கு, பின்னால் வருவது புரொப்பிலீன் கிளைக்காலின் பங்கு. வேப், அதாவது மின் சிகரெட், பிடிப்பவர்கள் இவற்றை விஜி, பிஜி என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50/50 நன்றாக இருக்கிறது, தீர்ந்ததும் மறுபடி வாங்குவேன். மேக்ஸ் விஜி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது, ஆனால் பாட் என்கிற, சக்தி குறைந்த சின்ன வேப் கருவி வைத்திருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். 70/30 பாட்டிலுக்குள் 70 இல்லை. கம்பெனியின் பெயரைப் போடவில்லை. ஒரு பேட்சில் நடந்ததற்காக ஒருவரை நாற்சந்தியில் நிறுத்த விருப்பமில்லை. தவிர, கீழே வரும் கணக்கை எந்தக் கம்பெனி பாட்டிலுக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இருமல் சிரப் தயாரிக்கும் இடத்தில் தரக் கட்டுப்பாட்டு லேபில் எனக்கு வேலை. கிளிசரின் டிரம் டிரம்மாக வரும், ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவள் நான். புகையே பிடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்கக் கிளம்பாதீர்கள், நிக்கோட்டின் பிடித்தால் லேசில் விடாது. பல நாடுகளில் வேப் விற்பதே குற்றம், சிலவற்றில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிக்விடுக்குள் விஜிக்கு என்ன வேலை? வாயிலிருந்து வெளியே போகும் அந்த வெள்ளை மேகம் பெரும்பாலும் விஜிதான். கருவிக்குள் காயில் என்ற கம்பிச் சுருள் மின்சாரத்தில் சூடாகிறது, அதைச் சுற்றியுள்ள பஞ்சில் ஊறிய லிக்விட் ஆவியாகிறது, காற்று பட்டதும் அந்த ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாகிறது. நாம் இழுப்பது அந்தத் துளிகளை. எதுவும் எரிவதில்லை, ஆகவே அது புகை இல்லை. வெறும் நீராவியும் இல்லை. பிஜியின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுடையது 290. எளிதில் ஆவியாகாத பொருள் என்பதால் விஜி ஒருமுறை துளியானால் துளியாகவே கொஞ்ச நேரம் நிற்கும். போதாததற்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் வேறு, மூச்சிலுள்ள ஈரத்தை வாங்கித் துளி இன்னும் பருக்கும். பிஜித் துளிகள் சீக்கிரம் காற்றில் கரைந்துபோகும். மேடை நாடகங்களில் புகை மூட்டம் போடும் இயந்திரங்களிலும் இதே வகைப் பொருள்களைத்தான் ஊற்றுகிறார்கள்.

மேகம் தவிர, கொஞ்சம் இனிப்பும் விஜியிலிருந்து வருகிறது. சர்க்கரையில் ஏறக்குறைய 60 சதவீத இனிப்பு அதற்கு உண்டு. தொண்டையில் படும்போது மெத்தென்று இருக்கும். சிகரெட்டிலிருந்து வருபவர்கள் தேடும் அந்தத் தொண்டைக் குத்தலும் சுவையின் கூர்மையும் பிஜி பக்கம். அதனால்தான் யாரும் ஒன்றை மட்டும் வைத்து நிறுத்துவதில்லை, இரண்டையும் கலக்கிறார்கள்.

சரி, தராசுக்கு வருவோம்.

மூன்று பாட்டில்களையும் ஒன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே காற்றுக் குமிழ் ஏறும் வேகத்தைப் பார்க்கலாம். மேக்ஸ் விஜியில் குமிழ் சோம்பல் முறித்துக்கொண்டு ஏறியது. மற்ற இரண்டிலும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தன. பக்கத்தில் நின்ற லேப் பெண், “அக்கா, இந்த ரெண்டும் ஒண்ணுதானே, லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்களா?” என்று கேட்டாள். அந்தச் சந்தேகத்தில்தான் எடை போட உட்கார்ந்தோம்.

கணக்கு எளிது. 20 டிகிரியில் ஒரு மில்லி கிளிசரின் 1.26 கிராம், ஒரு மில்லி பிஜி 1.036 கிராம். விஜி ஏற ஏற லிக்விட் கனக்கும். 10 மில்லி 50/50 கலவை 11.5 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். 70/30 என்றால் 11.9. 85/15 என்றால் 12.3-க்குச் சற்றுக் கீழே. நடுவில் உள்ள இடைவெளி சமையலறைத் தராசுக்குப் பிடிபடாது. 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் தெளிவாகத் தெரியும்.

அளக்கும்போது ஒரு விஷயம். பிப்பெட்டிலோ சிரிஞ்சிலோ 10 மில்லி எடுத்து வேறு பாத்திரத்தில் பீய்ச்சி எடை போட்டால் தப்பான எண்தான் வரும். கிளிசரின் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும், அரை மில்லி உள்ளேயே தங்கிவிடும். கழுத்தில் கோடு போட்ட 10 மில்லி ஃபிளாஸ்க்கை முதலில் வெறுமையாக எடை போடுங்கள், கோடு வரை லிக்விடை ஊற்றுங்கள், குமிழ்கள் அடங்கும்வரை விடுங்கள், பிறகு மறுபடி எடை போடுங்கள். பாத்திரத்துக்குள் இருப்பதை அப்படியே எடை போடுவதால் சுவரில் ஒட்டுவது பிரச்சினையே இல்லை. அறைச் சூடும் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

50/50 பாட்டில் 11.48 கிராம் காட்டியது. மேக்ஸ் விஜி 12.24. 70/30 என்று எழுதிய பாட்டில் 11.53.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே கேட்கலாம்: லிக்விடில் ஃபிளேவர் இருக்கிறது, நிக்கோட்டின் இருக்கிறது, எலுமிச்சை ஃபிளேவர்களில் ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கக்கூடும், அவை எடையைக் குறைக்காதா? குறைக்கும். ஆனால் மூன்று பாட்டிலிலும் அதே ஃபிளேவர், அதே நிக்கோட்டின். அவை எவ்வளவு குறைத்தாலும் மூன்றிலும் ஒரே அளவுதான் குறைக்கும். 50/50-க்கும் 70/30-க்கும் நடுவே 0.45 கிராம் வித்தியாசம் இருந்தே தீர வேண்டும். எனக்குக் கிடைத்தது 0.05. ஒளி லிக்விடுக்குள் எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணையும் பார்த்தோம். சுத்தமான கிளிசரினுக்கு அது 1.47-ஐத் தாண்டும், பிஜிக்கு 1.43. அந்த இரண்டு பாட்டில்களையும் மாற்றி மாற்றி வைத்தும் கருவிக்கு வேறுபாடு தெரியவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. 70/30 என்பது அடிப்படைக் கலவையின் விகிதமாம். ஃபிளேவரும் நிக்கோட்டினும் பிஜியில் கரைத்து வருவதால் கடைசி விகிதம் கொஞ்சம் இறங்குமாம்.

பொதுவாகப் பார்த்தால் இது உண்மையான விஷயம், வேப் பிடிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபிளேவர் சாறுகள் பெரும்பாலும் பிஜியில்தான் கிடைக்கின்றன. லிக்விடில் ஐந்தில் ஒரு பங்கு ஃபிளேவரும் நிக்கோட்டின் கரைசலும் என்று வையுங்கள், அவை இரண்டும் பிஜியில் இருந்தால் 70/30 பேஸ் கடைசியில் 56/44 ஆகிவிடும். ‘நூறு சதவீத விஜி’ என்று எழுதியிருக்கும் பாட்டில்களையும் இதே காரணத்துக்காக நான் நம்புவதில்லை. ஃபிளேவரையும் விஜியிலேயே கரைத்திருந்தால் ஒழிய நூறு வராது. மேக்ஸ் விஜி என்று எழுதுவது அந்த வகையில் நேர்மையான வார்த்தை. சேர்க்க வேண்டியதைச் சேர்த்தபின் மீதி இடம் முழுக்க விஜி என்றுதான் அதற்கு அர்த்தம். நான் வாங்கிய பாட்டில் ஏறக்குறைய 85 சதவீதத்தில் நிற்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கம்பெனியின் பதில் என் பாட்டிலுக்குப் பொருந்தவில்லை. அந்த நியாயம் 70/30-க்கு உண்டென்றால் 50/50-க்கும் உண்டு. அந்தக் கணக்குப்படி 50/50 பாட்டில் 40/60 ஆகி 11.3 கிராமுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்காமல் 11.48-ல் நிற்கிறது. ஒரே தொட்டியிலிருந்து இரண்டு லேபிள் பாட்டில்களையும் நிரப்பிவிட்டார்கள் என்பது என் ஊகம். ஆலையில் லைன் மாற்றும்போது நடக்கக்கூடியதுதான், எங்கள் இடத்தில் அதற்காகவே ஒரு பக்கம் நிறையச் சரிபார்ப்புப் படிவம் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டு மறுபடி எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எண் மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பீர்கள். இந்தக் குறிப்பிட்ட தவறில் ஒன்றும் முழுகவில்லை, என் பாட் கருவிக்கு அது வசதியாகக்கூடப் போயிற்று. தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 50/50 என்று எழுதிய பாட்டிலுக்குள் 85 இருந்திருந்தால், கதை வேறு. ஏன் என்று சொல்ல விஜியின் பிசுபிசுப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 1 என்று எடுத்துக்கொண்டால் பிஜி சுமார் 50. சுத்தமான கிளிசரின் 1,400. அது சூட்டுக்கும் குளிருக்கும் தலைகால் தெரியாமல் மாறும்: 30 டிகிரியில் 600-க்கு வந்துவிடும், 0 டிகிரியில் 12,000-ஐத் தொடும். தண்ணீர் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலே 1,400 என்பது 220-க்கு இறங்கிவிடும். அதனால்தான் விஜி அதிகமுள்ள லிக்விட்களில் சிலர் கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சேர்க்கிறார்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், பஞ்சுக்குச் செய்யும் உபகாரம் அது.

பஞ்சுதான் இங்கே கதாநாயகன். காயிலைச் சுற்றியுள்ள பஞ்சு லிக்விடை உறிஞ்சிக் காயிலிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு இழுப்பில் போனதை அடுத்த இழுப்புக்குள் நிரப்ப வேண்டும். பாட் கருவியின் காயிலில் பஞ்சுக்கு லிக்விட் போகும் ஓட்டைகள் சின்னவை. அவற்றின் வழியாக 50/50 தாராளமாகப் போகும். 85 திணறும். என்னிடம் இருப்பது 1.2 ஓம் காயில் போட்ட, 12 வாட்டைத் தாண்டாத சின்ன பாட். அதில் மேக்ஸ் விஜியை ஊற்றி, பஞ்சு ஊறட்டும் என்று கால் மணி நேரம் விட்டுவிட்டுத்தான் இழுத்தேன். முதல் சில இழுப்புகள் அருமை, மெத்தென்ற மேகம். விடாமல் தொடர்ந்து இழுத்ததும் தொண்டையில் கருகல் வாடை அறைந்தது. பஞ்சு காய்ந்துவிட்டது. வேப்காரர்கள் ட்ரை ஹிட் என்பது இதைத்தான். ஒருமுறை பஞ்சு கருகினால் அந்தக் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான், எத்தனை முறை ஊறவைத்தாலும் அந்த வாடை போகாது.

அந்த வாடை வெறும் அருவருப்போடு நின்றால் பரவாயில்லை. கிளிசரின் மூலக்கூறு அளவுக்கு மீறிச் சூடாகி இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்தால் மிஞ்சுவது அக்ரோலின். வாணலியில் எண்ணெயை மறந்து வைத்துவிட்டால் கண்ணும் தொண்டையும் எரியுமே, அதில் இருப்பதும் அதே அக்ரோலின்தான், எண்ணெய்க்குள் இருக்கும் கிளிசரின் பகுதியிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் வேலையிடக் காற்றில் அதற்கு அனுமதித்திருக்கும் அளவு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. அவ்வளவு காரமான சரக்கு. கூடவே ஃபார்மால்டிஹைடும் உருவாகும். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை காயிலின் சூடு லிக்விடின் கொதிநிலையை விட்டு அதிகம் தாண்டாது, வாங்கும் வெப்பமெல்லாம் ஆவியாக்குவதில் செலவாகிவிடும். பஞ்சு காய்ந்த நொடியில் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. சிகரெட் புகையிலும் அக்ரோலின் உண்டு, எப்போதும் உண்டு. வேப்பில் அது கருவியையும் பஞ்சையும் வாட்டையும் பொறுத்து ஏறும், இறங்கும். ஆக, விஜியின் எண்ணிக்கை கருவியோடு பொருந்துகிறதா என்பது சுவைப் பிரச்சினை மட்டும் இல்லை.

அதே மேக்ஸ் விஜியை டேங்க் கருவி வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். 0.2 ஓம் மெஷ் காயில், பஞ்சுக்கு வாசல் மாதிரிப் பெரிய ஓட்டைகள், 60 வாட். அவர் விட்ட மேகத்தில் அவர் முகமே தெரியவில்லை. “இது தான்மா லிக்விட்” என்றார். கருகல் வாடையே வரவில்லை. அதிகச் சூட்டில் லிக்விட் இளகி வேகமாக ஓடுகிறது, ஓட்டையும் பெரிது, காற்றும் தாராளம். ஆனால் அந்தக் கருவி லிக்விடைக் குடிக்கிற வேகம் பயங்கரம். நான் பல நாள் ஓட்டுகிற அளவை அவர் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுவார். அப்படிக் குடிக்கும் கருவியில் நிக்கோட்டின் குறைவாகத்தான் இருக்க வேண்டும், மில்லிக்கு 3 மில்லிகிராம் அளவில். சின்ன பாட்டுக்கான 50/50 லிக்விட்களில் 10, 20 என்று வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி உச்சவரம்பே 20தான். அந்த 20-ஐ எடுத்து 60 வாட் டேங்க்கில் ஊற்றினால் தலைசுற்றி வாந்தி வரும். விளையாட்டுக்குக்கூட முயற்சிக்காதீர்கள்.

சுவையைப் பற்றி. 50/50-ல் எலுமிச்சை பளிச்சென்று முன்னால் வருகிறது, புதினா பின்னால் வந்து தொண்டையில் குளிர்ச்சியை விட்டுப் போகிறது. தோலின் லேசான கசப்புக்கூடத் தெரிந்தது, எனக்குப் பிடித்திருந்தது. மேக்ஸ் விஜியில் எல்லாம் மழுங்கிவிட்டது. எலுமிச்சை எலுமிச்சை மிட்டாயாகிவிட்டது, புதினா எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. காரம், புளிப்பு, மெந்தால் இவற்றுக்கெல்லாம் பிஜி வேண்டும். கஸ்டர்டு, பால், வெண்ணிலா மாதிரியான கனத்த சுவைகளுக்கு விஜி துணை நிற்கும். இந்தக் கம்பெனி எலுமிச்சைப் புதினாவை மேக்ஸ் விஜியில் விற்பதே எனக்குப் புரியவில்லை. பிஜி ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இருக்கலாம். அப்படிச் சிலர் இருக்கிறார்கள். தோல் மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் ஒன்று 2018-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகப் பிஜியைத் தேர்ந்தெடுத்தது. பிஜி பட்டால் தொண்டை அரிக்கிறது, வாயைச் சுற்றித் தடிக்கிறது என்பவர்களுக்கு விஜி கூடிய லிக்விட்தான் வழி.

விஜி அதிகமானால் காயில் சீக்கிரம் கருத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. என் அனுபவத்தில் அதில் பாதிப் பழியைச் சுக்ரலோஸ் ஏற்க வேண்டும். இனிப்புக்காகச் சேர்க்கும் அந்தச் சரக்கு ஆவியாகாமல் காயிலிலேயே கரிந்து பிடித்துக்கொள்கிறது. இந்த மூன்று பாட்டில்களிலும் இனிப்பு குறைவு, காயில்கள் நன்றாகத் தாங்கின. விஜி, பிஜி இரண்டுமே வாயை வறளவைக்கும், ஈரத்தை உறிஞ்சும் குணம் இரண்டுக்கும் உண்டு. தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாட்டில் பின்பக்கத்தில் பச்சை இலைப் படத்தோடு இருக்கும் வாசகம்: ‘இயற்கையான, தாவரத்திலிருந்து எடுத்த, உணவுத் தரக் கிளிசரின்’. எனக்கு எரிச்சல் வந்த இடம் இது.

கிளிசரின் பனை எண்ணெயிலிருந்து வந்தாலும், சோயாவிலிருந்து வந்தாலும், மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தாலும், பெட்ரோலியத்திலிருந்து ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். சைவமா, ஹலாலா, கோஷரா என்று பார்ப்பவர்களுக்கு மூலம் முக்கியம், அது அவர்கள் உரிமை. நுரையீரலுக்கு அது தெரியாது. நுரையீரலுக்கு முக்கியம் சுத்தம். எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து பயோடீசல் செய்யும்போது 100 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 10 கிலோ கிளிசரின் மிஞ்சும். முதலில் வருவது மெத்தனாலும் உப்பும் சோப்பும் கலந்த பழுப்புச் சரக்கு. அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தபிறகுதான் மருந்துத் தரம் வரும். பழுப்பில் இருக்கும்போதும் அது தாவரத்திலிருந்து எடுத்ததுதான்!

உணவுத் தரம் என்பதும் அப்படித்தான். கிளிசரினுக்கு உணவுச் சேர்க்கை எண் E422 உண்டு, கேக்கிலும் டூத்பேஸ்ட்டிலும் சிரப்பிலும் இருக்கிறது, சாப்பிட்டால் உடம்பு அதைச் சர்க்கரை மாதிரி எரித்துவிடும். வயிற்றுக்குக் கொடுத்த சான்றிதழை நுரையீரலிடம் நீட்ட முடியாது. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளை 13 வாரம் கிளிசரின் துளிகளைச் சுவாசிக்கவைத்தார்கள். குரல்வளை மூடியின் மேல்தோலில் லேசான மாற்றம் தெரிந்தது, வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் எலியின் 13 வாரம் ஒரு மனிதரின் பத்து வருஷத்துக்குப் பதில் சொல்லாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பான பயம் இருக்கிறது. ‘எண்ணெயை நுரையீரலுக்குள் இழுக்கிறீர்களே’ என்பார்கள். கிளிசரின் எண்ணெய் இல்லை, ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் எந்த அளவிலும் கரையும். எண்ணெய்ப் பிரச்சினை உண்மையில் வந்தது 2019-ல் அமெரிக்காவில். வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதிப்போடு வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் சேர்க்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகக் கண்டுபிடித்தது வைட்டமின் ஈ அசிடேட், கஞ்சாச் சத்து கார்ட்ரிட்ஜ்களைக் கெட்டியாக்கச் சேர்த்தது. விஜிக்கு அதில் பங்கில்லை. வீட்டில் லிக்விட் கலப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எண்ணெயில் கரைத்த ஃபிளேவர் எதையும் சேர்க்கவே கூடாது. மிட்டாய்க்காக விற்கும் ஃபிளேவர்களில் சில எண்ணெயில் இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

என் தொழிலில் கிளிசரின் என்றதும் நினைவுக்கு வருவது மேகமும் இனிப்பும் இல்லை, டைஎத்திலீன் கிளைக்கால். அதுவும் நிறமில்லாதது, இனிப்பானது, கெட்டியானது, கிளிசரினைவிட மலிவானது. சிறுநீரகத்தை அழிக்கும். 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தை அதில் கரைத்து விற்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1996-ல் ஹைத்தியில் குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில், 2006-ல் பனாமாவில் இருமல் சிரப்பில், கிளிசரின் என்ற பெயரில் அது உள்ளே புகுந்தது. 2022-ல் காம்பியாவிலும் சிரப் குடித்த குழந்தைகள் பலியானார்கள். அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்கிறோம். அமெரிக்க மருந்து நூலின்படி 0.10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2009-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வேப் கார்ட்ரிட்ஜ்களைச் சோதித்தபோது ஒன்றில் சுமார் 1 சதவீதம் இருந்தது. இதை என் தராசு கண்டுபிடிக்காது. அதன் அடர்த்தி விஜிக்கும் பிஜிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, கலந்தால் அடையாளமே தெரியாது. கலவையில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி வேண்டும்.

ஆகவே லிக்விட் வாங்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் விஜியின் பேட்ச் ஆய்வுச் சான்றிதழைக் காட்டுங்கள். இந்தக் கம்பெனி பாட்டிலில் பேட்ச் எண் போட்டிருக்கிறது, இணையப் பக்கத்தில் சான்றிதழ் இல்லை. எழுதிக் கேட்டதும் அனுப்பினார்கள். கிளிசரின் 99.7 சதவீதம், டைஎத்திலீன் கிளைக்கால் வரம்புக்குள், மருந்துத் தரம். இதற்காக அவர்களுக்கு ஒரு சபாஷ். இலைப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தச் சான்றிதழுக்கு ஒரு கியூஆர் கோட் போடலாம்.

வீட்டிலேயே கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகு சாதனக் கடையில் தோலுக்குப் பூச விற்கும் கிளிசரினைத் தொடாதீர்கள். அதில் தண்ணீரும் வாசனையும் பாதுகாப்புப் பொருளும் கலந்திருக்கக்கூடும். மருந்துத் தரம் என்று எழுதி, பேட்ச் எண்ணோடு, மூடி முத்திரை உடையாத பாட்டிலாக வாங்குங்கள். மில்லியில் அளக்காமல் கிராமில் கலங்கள்: 100 மில்லி 70/30 பேஸுக்கு விஜி 88.2 கிராம், பிஜி 31.1 கிராம். சிரிஞ்சில் ஒட்டிக்கொண்டு போன விஜிக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மூடியை இறுக்கி மூடுங்கள், திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். விஜி கூடிய கலவையில் ஃபிளேவர் பரவ நேரம் பிடிக்கும். நன்றாகக் குலுக்கி இருட்டான இடத்தில் சில வாரம் வைத்தால்தான் ருசி சீராகும்.

மதிப்பெண் போடச் சொன்னால் 50/50-க்கு ஐந்தில் நாலரை, அரை மதிப்பெண்ணை அந்த இலைப் படத்துக்காகக் குறைத்துக்கொண்டேன். மேக்ஸ் விஜிக்கு மூன்று: பெரிய டேங்க்கும் நிக்கோட்டின் குறைந்த பழக்கமும் இருந்தால் வாங்கலாம், இந்தச் சுவையில் வேண்டாம். 70/30 பாட்டிலின் உள்ளே இருப்பது 50/50-ஐப் போலவே ருசியாக இருக்கிறது, ஆனாலும் அதற்கு ஒரு மதிப்பெண்தான். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்து, அந்தப் பேட்சைத் திரும்ப எடுத்தார்கள் என்று தெரிந்தால் மாற்றிப் போடுகிறேன்.